துண்டு போட்ட நாற்காலி

அப்பாதுரை முப்பத்துநான்கு வருஷம் கதவுகளுக்கு வெளியே நின்று பிழைத்தவர். அதில் கடைசிப் பதினாறு வருஷம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் டபேதார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்பு டவாலி, நெஞ்சில் பித்தளை வில்லை. கலெக்டர் காரை விட்டு இறங்கியதும் நாலு அடி முன்னால் நடந்து 'உஷ்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கு வராந்தாவில் நிற்கிற மனுதாரர்கள் மட்டுமல்ல, படுத்துக் கிடக்கிற நாயும் எழுந்து ஓரமாகப் போகும். அத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. அதிகாரி இருக்கும்போது உட்காரக் கூடாது. அதிகாரி இல்லாவிட்டாலும் அவருடைய நாற்காலி இருக்கிறதே, அதன் முன்னாலும் உட்காரக் கூடாது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷன் வீட்டிலும் நின்றார். நாலு மாதம் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி சரோஜா, போதகரிடம் போய் முறையிட்டாள்.

"பாஸ்டர், இவரு சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கினு, உள்ள வரலாமான்னு கேக்குறாரு. நான் என்ன கலெக்டரா? சர்ச்சுல ஏதாச்சும் ஒரு வேலை குடுத்து இட்டுக்கினு போங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன சபை அது. கூடினால் எழுபது எண்பது பேர். பின் ஜன்னலைத் திறந்தால் மலை. போதகர் விமல்ராஜுக்கு முப்பத்தைந்து வயது, கிட்டார் வாசிப்பார், கடவுளை நம்ம கூட்டாளி என்பார். வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கிற வேலையை அப்பாதுரைக்குக் கொடுத்தார். பின்னால் வரப்போவது தெரிந்திருந்தால் அந்தப் புத்தகங்களைத் தானே தலையில் சுமந்திருப்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார். ஒருவர் காலை ஆட்டுகிறார். ஒருவர் போனில் கிரிக்கெட் பார்க்கிறார். குழந்தைகள் பீடத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். இரண்டு பெண்கள் ஜெபத்தின் நடுவில் ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள்.

"பாஸ்டர், ஒரு துணை தாசில்தார் வந்தாகூட ஜனங்க இத விட ஒழுங்கா நிப்பாங்க. இது யாரோட சன்னிதானம்? வானத்தையும் பூமியையும் படைச்சவரு. அவரு கலெக்டருக்கெல்லாம் கலெக்டர் இல்லீங்களா?"

"தேவ பயம்னா நடுங்குறது இல்ல டபேதாரே. நாம நேசிக்கிறவங்க மனசு நோவக் கூடாதேன்னு ஒரு பயம் இருக்கும் பாருங்க, அது."

"எனக்கும் கலெக்டர் மேல நேசம்தான் பாஸ்டர். அதுக்குன்னு தோள்ல கை போட முடியுமா?"

போதகர் சிரித்தார். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட அப்பாதுரை, அடுத்த வாரமே ஒரு நாற்காலியோடு வந்துவிட்டார். ஏதோ கம்பெனி ஏலத்தில் கழித்துவிட்ட உயர்ந்த முதுகு வைத்த சுழல் நாற்காலி. அதைப் பீடத்தின் நடுவில் வைத்தார். முதுகில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அரசாங்க ஆபீஸ் வாசலை மிதித்தவர் எவருக்கும் அந்தத் துண்டின் பொருள் தெரியும். துண்டு போட்ட நாற்காலி யாருடையதோ, கையெழுத்து அவருடையது. ஜனங்களுக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குக் காலை ஆட்டியவர் ஆட்டுவதை நிறுத்தினார். ரசப்பொடிக்கு மிளகு போடுவது பாதியில் நின்றது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சட்டங்கள் வந்தன. நாற்காலிக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால் போதகர் சுவரைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் பிரசங்கம் செய்தார். நாற்காலிக்குக் குறுக்கே போகக் கூடாது. அதனால் வலப்பக்கம் உட்கார்ந்த பெண்கள் இடப்பக்கக் கழிப்பறைக்குப் போக, வெளியே இறங்கித் தெருவைச் சுற்றி வந்தார்கள். கடவுளை அப்பாதுரை ஐயா என்றுதான் சொல்வார். ஒருவேளை ஐயா திடீரென்று வந்து உட்கார்ந்துவிட்டால்? அதற்கும் ஒத்திகை நடந்தது. அப்பாதுரை கையால் இருக்கையை அழுத்துவார். ஸ்பிரிங் 'கிரீச்' என்று கத்தும். கத்தியதும் மொத்த சபையும் எழுந்து நிற்க வேண்டும். அவர் கையைக் கீழே காட்டினால்தான் உட்காரலாம். மூன்று வாரம் பழக்கினார். மூன்றாவது வாரத்தில், கைக்குழந்தையும் தாயின் இடுப்பில் விறைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அது கொஞ்சம் மிகை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆடி மாதக் காற்றில் நடந்ததுதான் மிகை இல்லாத விஷயம். போதகர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் காற்றும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்து அடித்ததில், நாற்காலி தானாக மெல்லத் திரும்பி, போதகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சபை மூச்சை அடக்கிக்கொண்டது. அப்பாதுரை வாசலிலிருந்து அடிக்குரலில், "ஐயா மலையப் பாக்குறாரு" என்றார். போதகருக்கு வியர்த்துவிட்டது. முக்கால் மணி நேரப் பிரசங்கத்தை அந்த இடத்திலேயே ஆமென் போட்டு முடித்தார். அன்றிலிருந்து பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போனதில்லை. நாற்காலியின் மீது சபைக்குப் பிரியம் வந்ததும் அன்றைக்குத்தான்.

கூட்டமும் ஜாஸ்தியானது. ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஆளில்லாத நாற்காலியை இவ்வளவு பேர் கும்பிடுவதைப் பார்த்து, இந்த ஊரில் இதுதான் உச்சகட்ட ஞானம் என்று முடிவுகட்டி, வாராவாரம் முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிர் வீட்டு வேன்காரர் அய்யூப், சந்தில் வண்டியைத் திருப்பும்போது ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார்.

கடைசியாக மனு வந்தது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள் என்றால் இங்கே வெள்ளிக்கிழமை. ஜெப விண்ணப்பம் யாருடையதானாலும் முழு வெள்ளைத்தாளில், இடப்பக்கம் மார்ஜின் விட்டு, அனுப்புநர் பெறுநர் போட்டு, நகலோடு வர வேண்டும். ஆதார் வேண்டாம், ஐயாவுக்கு எல்லாரையும் தெரியும். அப்பாதுரை படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி நாற்காலிக்கு முன்னால் உள்ள தட்டில் வைப்பார். மதிவதனி டீச்சர் தன் முழங்கால் வலி தீரவும், மருமகள் மனம் திருந்தவும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்தார்.

"ஒரு மனுவுல ஒரு கோரிக்கைதான் டீச்சர். முழங்காலா, மருமகளா? ஒண்ண முடிவு பண்ணிட்டு வாங்க."

டீச்சர் ஒரு வாரம் யோசித்து முழங்காலைத் தேர்ந்தெடுத்தார்.

இப்படி ஊரார் மனுவையெல்லாம் வாங்கி வைத்த அப்பாதுரையின் வீட்டில்தான் பெரிய மனுவே காத்திருந்தது. சரோஜாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. இரண்டு வருஷமாக மாத்திரையில் ஓட்டினார்கள். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உதடு நீலம் பூக்கிறது. வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வந்து சேர வேண்டும். பிழைப்பாளா என்று அப்பாதுரை கேட்டதற்கு, டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசு இருக்கு, வெயிட் இருக்கு, பார்ப்போம்" என்றார்.

புதன்கிழமை காலையில் சரோஜா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, எனக்காக நீங்க அவருகிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"சபையே ஜெபம் பண்ணுதே."

"சபையக் கட்டிக்கினா நான் குடித்தனம் பண்ணேன்?"

அப்பாதுரை வாசற்படியில் நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் கேட்காததற்குக் காரணம் அவளுக்கும் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூரில் ஓர் அதிகாரியின் கதவருகே நின்ற காலத்தில், கீழ்பென்னாத்தூரில் அவர் அம்மா சாகக் கிடந்தாள். அப்பாதுரை வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரி முன் கையைக் கட்டிக்கொண்டு தனக்காக வாயைத் திறந்து, ரெண்டு நாள் லீவு கேட்டார். அந்த மனுஷன் தலையைத் தூக்காமல் "அப்புறம் பார்க்கலாம்" என்றான். அன்று சாயங்காலம் செய்தி வந்தபோது அப்பாதுரை அதே ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அதிகாரியின் பெயரை அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதன் பிறகு எவரிடமும் எதையும் கேட்டதும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் நின்றவர், தன் வீட்டுப் பட்டாவுக்குப் பொதுஜன வரிசையில் அலைந்து இரண்டு ஜோடி செருப்பைத் தேய்த்தவர்.

ஊர் இதை வைராக்கியம் என்றது. சபை இதைத் தேவ பயம் என்றது. போதகர்கூட ஒருமுறை, டபேதாரின் பயபக்தியில் பாதி நமக்கு வேண்டும் என்று சுவரைப் பார்த்துப் பேசினார். பக்தியாவது மண்ணாவது! உள்ளே இருந்தது வெறும் பயம். கேட்காத வரையில் யாரும் முடியாது என்று சொல்லப்போவதில்லை. கேட்டு, அங்கேயும் அதே இரண்டு வார்த்தை வந்துவிட்டால், வாராவாரம் சனிக்கிழமை அந்த நாற்காலிக்கு எப்படித் துண்டு மாற்றுவது? அதனால்தான் கடவுளை அத்தனை உயரத்தில், கோடு போட்டு, முத்திரை வைத்து, எட்டாத தூரத்தில் உட்கார வைத்திருந்தார் மனுஷன்.

வெள்ளிக்கிழமை மனு வரிசையில் சரோஜாவும் வந்து நின்றாள். அப்பாதுரை திடுக்கிட்டார்.

"குடும்பத்து ஆள் மனுவ நான் வாங்கக் கூடாது. பாரபட்சம்னு பேச்சு வரும்."

"அப்படின்னா வேற டபேதாரப் போடச் சொல்லுங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. தாளை வாங்கினார். மார்ஜின் சரியாக இருந்தது, நகலும் இருந்தது. ஒரே ஒரு கோரிக்கை. 'ஐயா, வர்ற செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன். அதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு சரோஜா.'

அப்பாதுரையால் முத்திரை குத்தவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் கிடப்பில் போட்ட முதல் மனு அது. இரண்டு நாள் அது நெஞ்சைச் சுட்டுக்கொண்டே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்ததும் வேலூருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி, பால் பிளாஸ்க், பைல் எல்லாம் அய்யூப்பின் வேனில் ஏறிவிட்டன. போதகர் சுவரைப் பார்த்தபடி, "சரோஜாம்மா முன்னால வாங்க, எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

அவள் எழுந்து நடந்தாள். பீடத்துக்குக் கீழே மனுதாரர் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு இருந்தது. அதில் நிற்காமல் மூன்று படியும் ஏறினாள். மூன்றாவது படியில் மூச்சு அடைத்தது. கை காற்றில் எதையோ தேடியது. ஒரு கைப்பிடி அகப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

'கிரீச்.'

வந்திருந்த அத்தனை பேரும் ஒரே ஆளாக எழுந்து நின்றார்கள். பழக்கம் அப்படி. போதகர் கிட்டாரைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார். வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்து, வந்தே விட்டார் என்று நினைத்து, கை கூப்பி அழ ஆரம்பித்தார். நாற்காலியில் சரோஜா, நெற்றி வியர்வையைப் புனிதத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற அப்பாதுரையின் வாயிலிருந்து 'உஷ்' என்று ஒரு சத்தம் தானாக வந்தது. ஏற்கெனவே ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. நடுவழியில் நடந்து வந்தார். பாதி தூரத்திலிருந்து ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சரோஜா, எழுந்திரு. அது ஐயா சேரு."

"தெரியும்." அவளுக்குப் பேச்சு விட்டு விட்டு வந்தது. "மூச்சு வாங்குச்சு. அவருதான் எழுந்து எடம் குடுத்தாரு."

"என்னது?"

"கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல, முடியாதவங்க ஏறுனா, யாராச்சும் எழுந்து எடம் குடுப்பாங்கல்ல. அப்படித்தான்."

அப்பாதுரை எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவர். நல்லவர்கள் உண்டு. மனுதாரருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு, கேட்டுக் கண் கலங்கியவர்களும் உண்டு. ஆனால் துண்டு போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து, நீ உட்காரம்மா என்று சொன்ன ஒருவரை அவர் பார்த்ததில்லை. அப்படி ஒன்று நடக்கலாம் என்றே அவர் புத்தியில் உதித்ததில்லை. அவளை எழுப்புவதற்காகக் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. அப்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாற்காலியை இவளுக்குக் கொடுத்துவிட்டார் என்றால், ஐயா இப்போது எங்கே?

நாற்காலிக்குப் பக்கத்தில், ஓர் அடி பின்னால், டபேதார் நிற்கிற இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும், இத்தனை வருஷம் தான் நின்ற அந்த இடத்தில், தன்னைப் போலவே கால் கடுக்க ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எவ்வளவு நாளாக நிற்கிறாரோ! தோன்றிய மாத்திரத்தில் சரோஜாவின் காலடியில், எல்லார் முன்னிலையிலும், அப்பாதுரை உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா," என்றார். "மனு எழுதல. நகலும் இல்ல. எங்கம்மாவுக்காக ஒருத்தர்கிட்ட கேட்டேன்... அது போவட்டும். இவள எனக்கு விட்டுக் குடுங்க. நான் ரொம்ப பயந்துட்டு இருக்கேன் ஐயா. உங்களப் பாத்து இல்ல. இவ இல்லாத வீட்ட நினைச்சு." அறுபத்திரண்டு வயது மனுஷன், அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். வெட்கம் மானம் எல்லாம் அந்த அழுகையில் போயே போய்விட்டது.

இதில் ஒரு சிக்கல். உட்காரலாம் என்று கை காட்டுகிற ஆள் அழுதுகொண்டிருந்தார். அதனால் சபை நின்றது. கால் மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. நாற்காலியில் இருப்பது சரோஜாதான் என்று எல்லாருக்கும் தெரியும்; ஆனாலும் உட்காரத் துணிச்சல் வரவில்லை. முழங்காலுக்கு மனுப் போட்ட மதிவதனி டீச்சர்தான் பாவம். கடைசியில் சரோஜாவே கையைக் கீழே காட்டி, "உக்காருங்க, உக்காருங்க. எம்மா நேரந்தான் நிப்பீங்க?" என்றாள். உட்கார்ந்தார்கள். போதகர் நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு சபையை நேருக்கு நேர் பார்த்து ஜெபம் செய்தார்.

அய்யூப்பின் வேன் பதினொன்றரைக்குக் கிளம்பியது. பின்சீட்டில் சரோஜாவின் தோளைச் சுற்றி அந்த வெள்ளைத் துண்டு. அவளுக்கு ஏசி காற்று ஆகாது என்று அப்பாதுரையே நாற்காலியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தார்.

அவலூர்பேட்டை ரோடு பிரிகிற இடம் தாண்டியதும் அவள் கேட்டாள். "என் மனு என்னாச்சுங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். முத்திரை கையில் இல்லை. பேனாவைத் திறந்து, தொடையில் வைத்து, குலுங்குகிற வண்டியில் கோணல்மாணலாக 'தீர்வு காணப்பட்டது' என்று எழுதி அவளிடம் கொடுத்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டுப் பைலில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சொருகி வைத்தாள்.

"நீங்க கேட்டீங்களே, அதுக்கு என்ன சொன்னாரு?"

அப்பாதுரை அவள் தோளில் துண்டை இழுத்துவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"ஒண்ணும் சொல்லல" என்றார்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சொல்லல. ஆனா சரோஜா, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லல."

அவள் சாய்ந்துகொள்ள வசதியாக, அப்பாதுரை சீட்டில் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.